தொடர்ச்சி முறிந்தால்

ஜூன் 9

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். போனில் பேசலாம் என்று பார்த்தேன். நான் பாதி சொல்வதற்குள் "நலம், எல்லோரும் நலம்" என்று வைத்துவிடுகிறீர்கள். காது கேட்கவில்லை என்று சொல்லக் கூச்சப்படுகிறீர்கள், தெரியும். அதனால் கடிதம். லாரி கம்பெனி வைத்த நாளிலிருந்து காசோலையில் கையெழுத்துப் போட்டதோடு சரி. நான் இப்படி உட்கார்ந்து எழுதி எவ்வளவோ காலமாகிறது. பிழை இருந்தால் சிரித்துவிட்டுப் போங்கள்.

உங்கள் மகள் நன்றாக இருக்கிறாள். வீட்டில் எனக்கு மருமகள், என் கால்பந்து கிளப்பில் எனக்கே மேலதிகாரி. டாக்டர் அம்மா கையெழுத்துப் போடாமல் ஒருத்தனும் மைதானத்தில் கால் வைக்க முடியாது. பையன்களுக்குக் கோச்சைவிட அவளிடம்தான் பயம்.

விஷயம் இதுதான். எங்கள் அணியில் முன்வரிசையில் ஆடுகிற கொக்கை டிவியில் பார்த்திருப்பீர்கள். நீளக் கால். ஊரே ஓடும்போது ஒற்றைக்காலில் நிற்கிற மாதிரி சும்மா நிற்பான். பந்து பக்கத்தில் வந்ததும் கொத்திக்கொண்டு போய்விடுவான். அவன் இப்போது கேட்கிற சம்பளம், மற்ற எல்லோருக்கும் சேர்த்து நான் கொடுப்பதற்குச் சமம். பெரிய அணிகள் இரண்டு அவனுக்கு வலை வீசுகின்றன. கொடுத்தால் லாரிகளை அடமானம் வைக்க வேண்டும். கொடுக்காவிட்டால் கேலரியில் காக்கா உட்காரும். போன வருடம் காய்ச்சல் என்று ஒரு மாதம் படுத்தான், அந்த மாத வசூலில் புல் வெட்டுகிறவனுக்குக்கூடச் சம்பளம் போட முடியவில்லை.

பந்து உதைக்கிற ஒருத்தனுக்கு எவ்வளவுதான் கொடுக்கலாம் சம்பந்தி? வாழ்நாள் முழுக்க அரசாங்க ஊதியக் குழுவில் இருந்து யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்தவர் நீங்கள். ஒரு வழி சொல்லுங்கள்.

உங்கள் சம்பந்தி

---

ஜூன் 17

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஒரு திருத்தம் சொல்ல அனுமதிக்க வேண்டும். நான் முடிவு செய்தவன் அல்லன். முடிவு செய்தவர்களுக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தவன். கால்பந்து பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே நான் சொல்வதைத் தள்ளிவிடவும் தங்களுக்கு முழு உரிமை உண்டு.

ஒரு செவிலிக்கும் பேருந்து ஓட்டுநருக்கும் கிடைக்காத பணம் பந்து உதைப்பவருக்கு எதற்கு என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் மக்கள் நுழைவுச் சீட்டுக்குக் கொடுத்த பணம் எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். ஓடியவருக்குப் போகாவிட்டால் தங்களுக்குப் போகும். (தவறாக நினைக்க வேண்டாம்.) மேலும், ஒரு எழுத்தர் முப்பத்தைந்து ஆண்டுகளில் சம்பாதிப்பதை இவர் பத்து ஆண்டுகளில் சம்பாதித்து முடிக்க வேண்டும். அதன் பிறகு அந்தக் கால்களை யாரும் கேட்க மாட்டார்கள். எனவே அவர் நிறையக் கேட்பதைப் பேராசை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மறுபுறம், அவருக்குப் பந்தைக் கொண்டுவந்து கொடுப்பவரும் ஒருவர் இருக்கிறார். அவர் வாங்குவது மிகக் குறைவு என்றால், ஒருநாள் அவர் பந்தை வேறு பக்கம் பார்த்து உதைக்கத் தொடங்குவார். அலுவலகங்களில் இதைப் பார்த்திருக்கிறேன்.

என் யோசனை இது. நிலையான சம்பளம், அணியில் அடுத்த நிலையில் இருப்பவரைப் போல மூன்று மடங்குக்கு மேல் வேண்டாம். மீதியை ஆட்டத்துக்கு இவ்வளவு என்று வைத்துக்கொள்ளலாம். விடாமல் ஆடும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தொகை ஒரு படி ஏறட்டும். நடுவில் ஓர் ஆட்டம் விட்டாலும் முதல் படிக்கு இறங்கிவிட வேண்டும். எங்கள் துறையில் இதைப் பணி முறிவு என்போம். விடுப்பு எடுப்பது வெகுவாகக் குறைந்தது. வருடம் முழுவதும் ஆடினால் அவர் கேட்ட தொகை அவருக்குக் கிடைத்துவிடும். ஆடாத நாளுக்குத் தாங்கள் கொடுக்க வேண்டியதில்லை.

இது சரிதானா என்று எனக்கே உறுதியாகத் தெரியவில்லை. வழக்கறிஞரிடம் காட்டுங்கள். மகளிடமும் காட்டுங்கள். இதன் நகல் ஒன்றை அந்த ஆட்டக்காரருக்கும் கொடுத்துவிட வேண்டுகிறேன். ஒருவரைப் பற்றி எழுதுவது எதுவானாலும் அவருக்குத் தெரியாமல் எழுதக் கூடாது என்பது எங்கள் அலுவலக முறை. ஓய்வு பெற்ற பிறகும் அது என்னை விடவில்லை.

பணிவுடன்,
சம்பந்தி

---

ஜூலை 2

சம்பந்தி அவர்களுக்கு,

உங்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். கொக்கு கையெழுத்துப் போட்டுவிட்டான். நீங்கள் சொன்னபடியே நகலைக் கொடுத்தேன். ரொம்ப நேரம் படித்தான். "யாரு இந்தப் பெரியவர்? எனக்குப் பந்து கொடுக்கிறவனையும் சேர்த்து யோசிச்சிருக்காரே"ன்னு கேட்டான். ஒருமுறை உங்களைப் பார்க்க வேண்டுமாம். அம்மாவுக்கு வீடு வாங்கப்போகிறான், கடைசிப் படிவரை ஏறினால் தவணை அடைந்துவிடும் என்று அங்கேயே விரல்விட்டுக் கணக்குப் போட்டான்.

இவ்வளவு நன்றாக இருக்கும் விதியை ஒருத்தனோடு ஏன் நிறுத்த வேண்டும்? அணியில் எல்லோருக்குமே போட்டுவிட்டேன்.

உங்கள் மகள் சாப்பாட்டு மேசையில் படித்துப் பார்த்தாள். "காய்ச்சல் வந்தா என்ன மாமா?" என்றாள். காய்ச்சல் வந்தா மாத்திரை, அதுக்குத்தானே உன்னை வெச்சிருக்கோம் என்றேன். எல்லோரும் சிரித்தோம். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். வேலைக் களைப்பு.

உங்கள் சம்பந்தி

---

நவம்பர் 20

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தேவையில்லாமல் எழுதுகிறேனோ என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன்.

கொக்கு ஆடும் ஆட்டங்களை இப்போது விடாமல் பார்க்கிறேன். நான் எழுதிய விதியில் ஒருவர் ஓடுகிறார் என்றால் பார்க்கத்தானே தோன்றும். என் காதுக்கு வர்ணனை வெறும் இரைச்சல் என்பதால் ஒலியை அணைத்துவிட்டு, நான் குடியிருக்கும் இந்த மருந்துக்கடை மாடியில், பிரம்பு நாற்காலியை டிவிக்கு மிக அருகில் போட்டு உட்காருகிறேன். பேச்சு இல்லாததால் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கண்ணில் படுகிறதோ என்னவோ.

சென்ற மாதம் ஓர் ஆட்டத்தில், பந்துக்கு எம்பியபோது எதிரணிக்காரரின் தலை அவர் தலையில் மோதியது. விழுந்தவர் உடனே எழுந்துவிட்டார். என் மகள் பையோடு ஓடிவந்தாள். கையை வீசி அவளைப் போகச் சொல்லிவிட்டார். இடைவேளைக்குப் பிறகு தங்கள் அணியின் கோலையே பார்த்தபடி நின்றார். கோல்கீப்பர் வந்து தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார். கேலரியில் சிரித்தார்கள். வேடிக்கை காட்டுகிறார் என்று நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த ஆட்டத்தில் காலணிக் கயிற்றைக் கட்டினார். நான்கு அடி நடந்தார். குனிந்து அவிழ்த்து, மறுபடியும் கட்டினார். விளக்குக் கோபுரம் இருக்கும் பக்கம் திரும்பும்போதெல்லாம் கண்ணை மறைத்துக்கொண்டார். முந்தாநாள் மறுபடியும் தலையில் பட்டது.

நான் மருத்துவன் அல்லன். வயதான கண்ணும் ஏமாற்றக்கூடும். ஆனாலும் மகளிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கக் கூடாதா?

பணிவுடன்,
சம்பந்தி

---

நவம்பர் 28

சம்பந்தி அவர்களுக்கு,

அந்தக் காலணிக் கயிற்று ஆட்டத்தில்தான் இரண்டு கோல் போட்டான். அதை எழுத மறந்துவிட்டீர்களே.

அப்பாவும் மகளும் பேசி வைத்துக்கொண்டு எழுதுகிற மாதிரி இருக்கிறது. அவளும் இதையேதான் சொல்கிறாள். தலையில் அடி, மூன்று வாரம் இவன் மைதானத்தில் இறங்கக் கூடாது, நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றாள். கொக்கே அவள் அறை வாசலில் போய் உட்கார்ந்துவிட்டான். "அக்கா, பாதிக்கு மேல ஏறிட்டேன். இப்ப இறக்கி விட்டீங்கன்னா மறுபடி கீழ இருந்து ஏறணும். எனக்கு ஒண்ணுமில்லக்கா"ன்னு கெஞ்சினான். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். இந்தப் பிடிவாதம் உங்களிடமிருந்து வந்தது என்று சொல்ல முடியாது, உங்கள் சம்சாரத்திடமிருந்து வந்திருக்க வேண்டும்.

வேறு வழியில்லாமல் எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவரை அழைத்துவந்தேன். தேதி, கிழமை எல்லாம் கேட்டார். ஐந்து வார்த்தை சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார். கொக்கு கடகடவென்று சொன்னான். அவர் கையெழுத்துப் போட்டார். முடிந்தது.

ஒன்று யோசித்துப் பாருங்கள். அவனை இறங்கு என்று நான் சொல்லவில்லை. கோச்சும் சொல்லவில்லை. அவனேதான் நான் இறங்குகிறேன் என்கிறான். உங்கள் விதியின் அழகே அதுதான். யாரும் யாரையும் வற்புறுத்த வேண்டியதில்லை.

உங்கள் சம்பந்தி

---

டிசம்பர் 6

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

எங்கள் துறையில் அந்த விதி வந்த பிறகு, காய்ச்சலோடு வருவார்கள். வருகைக் கையெழுத்தைப் போட்டுவிட்டு மேசைமேல் தலையைச் சாய்த்துப் படுத்திருப்பார்கள். விதி வேலை செய்கிறது என்றுதான் நாங்கள் குறிப்பு எழுதினோம். ஆனால் மேசைமேல் தலை வைத்துப் படுத்திருப்பவரை யாரும் வந்து முட்டுவதில்லை. இந்த வேறுபாடு, தங்களுக்கு அந்த யோசனையை எழுதியபோது என் புத்தியில் உறைக்கவில்லை. நாற்காலியில் உட்காருபவர்களுக்குச் செய்த அளவை ஓடுகிறவர்மேல் மாட்டிவிட்டேன்.

ஒரே ஒரு வாக்கியம் சேர்த்தால் போதும்: "அணியின் மருத்துவர் விலக்கி வைக்கும் ஆட்டங்களால் தொடர்ச்சி முறியாது." தொகை மாறாது. அவர் ஓய்வெடுத்துவிட்டு, விட்ட படியிலிருந்தே ஏறுவார். அதனால் ஆகும் கூடுதல் செலவில் ஒரு பங்கை என் ஓய்வூதியத்திலிருந்து எடுத்துக்கொண்டாலும் சம்மதமே. அது தங்களுக்குக் கடுகளவு என்று தெரியும். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மகளுக்குச் செய்தி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து ஒரு வரி வந்தது. "நான் இப்ப கிளப்புக்குப் போறதில்ல, வீட்டில்தான் இருக்கேன்ப்பா. மாமாவுக்கு இதைப் பற்றி எதுவும் எழுதாதீங்க." வழக்கமாக என்ன சாப்பிட்டேன் என்று கேட்டு நச்சரிப்பாள். இந்த முறை கேட்கவில்லை. அவள் எழுத வேண்டாம் என்ற பிறகும் எழுதுகிறேன். கோபம் இருந்தால் என்மேல் இருக்கட்டும்.

பணிவுடன்,
சம்பந்தி

---

ஜனவரி 20

சம்பந்தி அவர்களுக்கு,

பதில் போடத் தாமதம். இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம், பிப்ரவரி எட்டு. டிக்கெட் எல்லாம் தீர்ந்துவிட்டது. வங்கிக்காரர் இப்போதுதான் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கிறார்.

உங்கள் வாக்கியத்தைச் சேர்க்க முடியாது. கொக்குக்குச் சேர்த்தால் எல்லோருக்கும் சேர்க்க வேண்டும். பிறகு மழை தூறினாலே ஒவ்வொருத்தனுக்கும் தலைவலி வரும். கொக்கு கடைசிப் படியில் நிற்கிறான். இந்த ஓர் ஆட்டம் ஆடினால் அவன் அம்மாவின் வீடு அவர்களுக்குச் சொந்தம். அதை அவன் வாயிலிருந்து பிடுங்கச் சொல்கிறீர்களா?

உங்கள் மகள் சௌகரியமாக இருக்கிறாள். மாடியிலேயே இருக்கிறாள், அதிகம் இறங்குவதில்லை. பத்திரிகைக்காரர்கள் தொல்லை கொடுப்பதால் போனை என் மகன் வாங்கி வைத்திருக்கிறான். அவளைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். என் வீட்டில் இருக்கிறாள். கல்யாணமாகிப் பத்து வருடம், இதுவரை அவளை ஒரு சொல் சொன்னதில்லை. இனியும் சொல்லும்படி யாரும் செய்ய மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

நீங்கள் எழுதிக் கொடுத்தவர். அவன் ஆடுகிறவன். நான் நடத்துகிறவன். அவரவர் இடத்தில் அவரவர் இருந்தால் எல்லோருக்கும் நல்லது. இறுதி ஆட்டத்துக்கு வாருங்கள். என் பக்கத்து இருக்கை உங்களுக்குத்தான்.

உங்கள் சம்பந்தி

---

பிப்ரவரி 7, மாலை

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நான் தங்கள் ஊரில்தான் இருக்கிறேன். பேருந்து நிலையத்துக்கு எதிரே, விடுதி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். முதலில் தங்கள் வீட்டுக்கு வராதது மரியாதையில்லை. வந்திருந்தால் மகளைப் பார்ப்பேன். பார்த்தால் பிறகு எதையும் செய்யும் தைரியம் எனக்கு இருந்திருக்காது.

மத்தியானம் ஒரு பை ஆப்பிள் வாங்கிக்கொண்டு கொக்கின் வீட்டுக்குப் போனேன். அவர் அம்மா கதவைத் திறந்தார். புது வர்ணத்தின் வாசனை இன்னும் போகவில்லை. பட்டப்பகலில் எல்லா ஜன்னலுக்கும் திரை இழுத்துவிட்டிருந்தது. தம்பிக்கு வெளிச்சம் ஆகவில்லை என்றார்.

கொக்கு வந்து உட்கார்ந்தார். நான் யார் என்று சொன்னேன். எழுந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீங்கதானா அந்தப் பெரியவர்? உங்களால்தான் ஐயா இந்த வீடு" என்றார். அதைக் கேட்க நான் என்ன பாவம் செய்தேன் என்று தெரியவில்லை. நாளைக்கு ஆட வேண்டாம், விதியை எழுதியவன் நான், அது தவறு என்று நானே சொல்கிறேன் என்றேன். ஓர் ஆப்பிளை எடுத்துக் கடித்துக்கொண்டே தலையாட்டிக் கேட்டார். தண்ணீர் குடிக்க உள்ளே போனார். திரும்பி வந்து வாசற்படியில் நின்று என்னைப் பார்த்து, "யாரும்மா வந்திருக்காங்க?" என்று கேட்டார்.

மறுபடியும் சொன்னேன். மறுபடியும் எழுந்து என் கைகளைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதானா அந்தப் பெரியவர்?"

அவர் அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "கேள்வியெல்லாம் நல்லா மனப்பாடம் பண்ணியிருக்கான். டாக்டர் முன்னாடியே குடுத்துடுவார்" என்றார். கொக்கு உடனே நிமிர்ந்து உட்கார்ந்து, "நாற்காலி, மழை, சாவி, குதிரை, ஊசி" என்றார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை சொல்வதைப் போல, ஒரு பிசிறு இல்லாமல். நான் கிளம்பும்போது மூன்றாவது முறையாக நான் யார் என்று கேட்டார்.

அங்கிருந்து நேரே போட்டியை நடத்தும் சங்கத்தின் அலுவலகத்துக்குப் போய், கண்டதை எழுதிக் கொடுத்தேன். நீங்கள் டாக்டரா என்று அதிகாரி கேட்டார். இல்லை என்றேன். பிறகு எந்த உரிமையில் எழுதுகிறீர்கள் என்றார். விதி என்னுடையது என்றேன். நாளைக் காலை சங்கத்தின் மருத்துவரே அவரைச் சோதிப்பார், ஆனால் கேட்டதற்கெல்லாம் சரியாகச் சொல்லிவிட்டால் தடுக்க முடியாது என்றார். சங்கத்தின் படிவத்தில் இருப்பதும் அதே ஐந்து வார்த்தைகள்தான், அவற்றை அவர் சொல்லிவிடுவார் என்று எனக்குத் தெரியும். எனவே ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கும்படி வேண்டிக்கொண்டேன். நேற்று மத்தியானம் உங்கள் வீட்டுக்கு வந்தது யார், என்ன வாங்கி வந்தார்? இதை யாரும் அவருக்கு மனப்பாடம் செய்து கொடுத்திருக்க முடியாது. அதிகாரி யோசித்துவிட்டு, சரி என்று குறித்துக்கொண்டார்.

தங்களுக்கு இதை எழுதலாமா என்று வெகுநேரம் தயங்கினேன். தங்கள் அணியைப் பற்றித் தங்களுக்குத் தெரியாமல் மேலே எழுதிவிட்டு, நாளை தங்கள் பக்கத்து இருக்கையில் எப்படி உட்காருவேன்? என்னால் அப்படி இருக்க முடியாது. ஆகவே நான் கொடுத்த மனுவின் நகலை இத்துடன் வைத்து, விடுதி மேலாளரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அவர் என்னை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்றே விரும்புகிறேன். அப்படி ஆகி, எல்லார் முன்னிலையிலும் நான் முட்டாளாகிப் போனால் எனக்கு அதைவிட மகிழ்ச்சி இல்லை. மகளுக்கு நான் வந்திருப்பதைச் சொல்லவும்.

பணிவுடன்,
சம்பந்தி

---

பிப்ரவரி 8, காலை

சம்பந்தி அவர்களுக்கு,

கடிதமும் நகலும் நேற்று மாலையே கிடைத்தன. உங்களை மாதிரி நேர்மையான மனிதரை இந்தக் காலத்தில் பார்க்க முடியாது. நகல் அனுப்பும் அந்தப் பழக்கத்துக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். படித்ததும் காரை எடுத்துக்கொண்டு கொக்கின் வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன்.

இன்று காலை சங்கத்து டாக்டர் வந்தார். எல்லாம் கேட்டார். உங்கள் கேள்வியையும் கேட்டார். "எங்க தலைவரோட சம்பந்தி. வயசானவர், காதுல மெஷின் வெச்சிருப்பார். ஒரு பை ஆப்பிள் வாங்கிட்டு வந்தார்"ன்னு கொக்கு மூச்சுவிடாமல் சொன்னான். டாக்டர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பெயர்ப் பட்டியலில் முதல் பெயர் அவனுடையது.

உங்கள் கடிதத்தை மருமகளுக்கும் காட்டினேன். நகல் எல்லோருக்கும் போக வேண்டுமல்லவா. மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

ஆட்டம் நான்கு மணிக்கு. டிக்கெட் இத்துடன் இருக்கிறது. கார் மூன்று மணிக்கு விடுதி வாசலில் நிற்கும். கொஞ்சம் சீக்கிரமே வந்துவிடுங்கள், கொக்கு உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறான். டாக்டர் போனதிலிருந்து உடை மாற்றும் அறையில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். "அந்தப் பெரியவர் ஆப்பிள் வாங்கிட்டு வீட்டுக்கு வருவார்னு சொன்னீங்களே, எப்ப வருவார்?"

விளையாட்டுக்குக் கேட்கிறான் என்றுதான் நினைக்கிறேன்.

உங்கள் சம்பந்தி